பகல் பூட்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் மழையை நம்ப முடியாது. காலையில் முதுகு பொரிகிற மாதிரி வெயில் அடிக்கும். பிறகு கடல் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பும். பழைய ஓட்டுக்கூரைகளில் புறாக்கள் எழுந்து இடம் மாறி உட்காரும். அவ்வளவுதான், ஊற்றிவிடும்.

சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் முனையில் யமுனா தள்ளுவண்டிக் கடை போட்டிருந்தாள். தோசை, உளுந்து வடை, வாழையிலையில் மடித்த நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, கோப்பி. அவளுடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அந்தச் சந்துக்குள்ளேயே குடியிருந்த வங்காளதேசத்துப் பையன்கள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் அவர்களைத் தெருமுனையில் இறக்கிவிடும். கண் சிவந்து, தலைமுடியெல்லாம் தொப்பி அழுத்திய தடத்தோடு வருவார்கள். கடைகளின் முன்னால் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் குந்தி உட்கார்ந்து தின்றுவிட்டுத் தூங்கப் போவார்கள்.

அவர்களில் ஹைருல் என்பவன்தான் கொஞ்சம் வாயாடி. மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுவதைப் பார்த்து அவளைக் "காக்கா" என்று கூப்பிடுவான். முதல்நாள் யமுனா சிரித்துவிட்டாள். "டேய், எங்க பாஷையில அது கருப்பா பறக்கும்டா. அக்கான்னு சொல்லு." அவன் அக்கா என்று சொல்லக் கற்றுக்கொண்டான். ஆனால் சாம்பார் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் மட்டும் காக்கா என்பான்.

அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய கடைவீடு. கீழே சாமான் அறை. மேலே பலகைத் தடுப்பு போட்ட அறைகளில் வரிசையாகக் கட்டில்கள். படியேறியதும் ஒரு இரும்பு கிரில். விடுதியை நடத்தியவர் டத்தோ பட்டம் பெற்ற நாராயணன். ஆள் எடுத்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருந்தார். கோயில் தலைவர். அந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு வேலை, வீடு, பிள்ளைக்குப் படிப்பு என்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். யமுனாவின் கணவர் தியாகராஜனை ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போது விடுதியில் ஜாகா என்கிற காவல் வேலை கொடுத்தது அவர். மகள் கோகிலாவைத் தன் செபராங் ஜெயா ஆபீசில் உட்கார வைத்ததும் அவர்தான்.

விடுதிக்குப் பக்கத்துக் கட்டடத்தை யாரோ வாங்கி, வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டலாக மாற்றினார்கள். கைலி கட்டிய பையன்கள் பகலில் அஞ்சடியில் உட்கார்ந்திருப்பது ஓட்டலுக்கு அழகாக இல்லை. புகார் மேல் புகார். ஒருநாள் நாராயணன் வந்து, "பகல்ல மேல கிரில்ல பூட்டிடு தியாகு. தூங்கறவங்க தூங்கட்டும். சாயங்காலம் பஸ் வரப்ப தொற" என்றார்.

"ஏதாச்சும் அவசரம்னா டத்தோ?"

"நீதான் கீழ இருக்கியே. அதுக்குத்தானலா சம்பளம்."

அன்று வீட்டில் இதைக் கேட்டதும் யமுனா, "ஆடு மாடாங்க அதுங்க, பட்டியில அடைக்க?" என்றாள். தியாகராஜன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. அவளும் அதோடு விட்டுவிட்டாள். ஊற வைத்த உளுந்து ஆட்டாமல் கிடந்தது. அடுத்த நாள் பாடு இருந்தது.

கிரில்லைப் பூட்டத் தொடங்கிய பிறகு ஒரு மழை நாளில் காற்று வந்த வேகத்தில் கடையின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டது. குடைக்கம்பி சாய்ந்து எண்ணெய்ச் சட்டி ஆடியது. யமுனா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். பாயை இழுத்துக் கட்டினார். கேஸ் சிலிண்டரை அஞ்சடிக்கு நகர்த்தினார். முடித்துவிட்டுக் கிளம்பினவரை அவள்தான் நிறுத்தினாள்.

"தலையெல்லாம் சொட்டுது. ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போங்க. மழ விடட்டும்."

அவர் உட்கார்ந்தார். கோப்பி குடித்தார். சூடாக ஒரு வடை கொடுத்தாள், அதையும் தின்றார். சந்துக்குள் புகை எழுந்ததை இருவருமே பார்த்தார்கள். மழைச்சாரல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊதுபத்திக் கடைச் சீனர் தெருவில் இறங்கி, "பொம்பா! பொம்பா கூப்பிடு!" என்று தீயணைப்பு வண்டிக்காகக் கத்திய பிறகுதான் தியாகராஜன் குவளையைப் போட்டுவிட்டு ஓடினார்.

இடுப்பில் சாவி இருந்தது. படியேறும்போதே கிரில்லை ஆட்டுகிற சத்தம் கேட்டதாக அவர் பிறகு சொன்னார். புகைக்குள் கைகள் மட்டும் தெரிந்தனவாம், கம்பிகளுக்கு நடுவே. பூட்டு பழுத்த இரும்பாக இருந்தது. உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. சாவி துவாரத்தில் இறங்கவில்லை. இறங்கித் திறந்தபோது ஆட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

மற்றவர்கள் பின்கட்டுக் கூரை ஓடுகளை உடைத்துக் குதித்துத் தப்பினார்கள். கிரில்லிடமே நின்றுவிட்ட இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவன் ஹைருல். இன்னொருவன் அவன் ஊர்க்காரன், முகம்மது. பேசவே வெட்கப்படுகிற பையன்.

*

மறுநாள் நாராயணன் ஜெலுத்தோங்கில் இருந்த அவர்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். லிஃப்ட் ரிப்பேர். மூச்சு வாங்கப் படியேறி, கையில் பழக்கூடையோடு வந்தார். கோகிலா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"கை எப்படி இருக்கு தியாகு?"

"எரிச்சல் கொறஞ்சிருக்கு டத்தோ."

"டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நல்லா பாப்பாரு." கொஞ்ச நேரம் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் ராத்திரி தூங்கல. அந்தப் பசங்க மொகம் கண்ணுலயே நிக்குது. பூட்டு எங்க?"

தியாகராஜன் ஃப்ரிட்ஜ் மேலே காட்டினார். நாராயணன் எழுந்து போய் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"தொழில் இலாகாவுலேருந்து ஒரு பொம்பள வருவா, ஷரீஃபான்னு பேரு. கேள்வி கேப்பா. பயப்படாத. நடந்தத சொல்லு."

"நடந்ததுன்னா..."

"நடந்தது என்ன? அந்த ஹைருல் திருட்டுக்குப் பயந்து அவனே ஒரு பூட்டு வாங்கி உள்பக்கமா மாட்டிக்குவான். நீ எத்தனையோ தடவ சொன்ன, கேக்கல. ரூமுக்குள்ள அடுப்பு வச்சு சமைச்சிருக்கான், பத்திக்கிச்சு. நீ மேல ஓடின. கம்பிக்குள்ள கைய விட்டு பூட்ட இழுத்த. கை வெந்துபோச்சு. முடியல. இதான நடந்தது?"

"நான் அங்க இல்லையே டத்தோ."

"இருந்த" என்றார் நாராயணன். குரலை உயர்த்தவில்லை.

சமையல்கட்டு வாசலில் நின்ற யமுனா சொன்னாள். "அவன் ரூமுல சமைக்க மாட்டான் டத்தோ. எங்கிட்டதான் சாப்புடுவான்."

அவர் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. பூட்டினது யாரு கை? சாவி யாரு இடுப்புல இருந்துச்சு? அந்த நேரத்துல இவன் எங்க ஒக்காந்திருந்தான், யாரு கூப்ட்டு? கோர்ட்டுல இதத்தான் கேப்பாங்க. பூட்டச் சொன்னேன்னு என்னைய எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. வாய்ச் சொல்லுதான அது? நான் ஒங்கள மெரட்ட வரல. நான் கையக் கழுவிட்டா இவன்தான் உள்ள போவான். நான் இருந்தா யாரும் போக வேணாம். செத்தவங்கள எழுப்ப முடியுமா, சொல்லு."

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோகிலா கல்யாணத்துக்குச் சொல்லி வச்ச மண்டபம் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது தியாகராஜனின் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் உண்மையாகவே ஒரு வாஞ்சை இருந்தது. அதுதான் யமுனாவுக்குப் பயமாக இருந்தது.

தியாகராஜன் அவர் சொன்னபடியே வாக்குமூலம் கொடுத்தார்.

தமிழ்ப் பத்திரிகையில் கட்டுப் போட்ட கையோடு அவர் படம் வந்தது. உயிரைப் பணயம் வைத்துத் தீயில் பாய்ந்த காவலாளி என்று எழுதியிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். நாராயணன் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. யமுனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பங்களாதேஷ் பசங்களுக்காக உசுரக் குடுக்கப் போனாரே, எந்த மனுசன் செய்வான்?" என்றாள்.

வலது கை கட்டில் இருந்ததால் அந்த நாட்களில் யமுனாதான் அவருக்குச் சோறு ஊட்டினாள். கூட்டம் நடந்த அன்று இரண்டாவது வாய்க்கு அவர் வாயைத் திறக்கவில்லை. பருப்பும் சோறும் பிசைந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை தெரிஞ்சுது யமுனா. யாரு கைன்னு எனக்குத் தெரியும்."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

*

தப்பித்த பையன்களை அவசர அவசரமாக ஜொகூருக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாஹித் என்பவன் மட்டும் இங்கேயே இருந்தான். கூரையிலிருந்து குதித்ததில் கால் முறிந்துவிட்டது, அவன் எந்த வேலைக்கும் ஆக மாட்டான். ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒரு காலையில் கட்டையை ஊன்றிக்கொண்டு யமுனாவின் கடைக்கு வந்தான். அவள் தோசையை எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை. அரைகுறை மலாயில் பேசினான்.

"ஹைருல் அம்மா எனக்கு தினமும் போன் பண்றாங்க அக்கா."

"என்ன சொல்றாங்க?"

"உங்க மகன்தான் தீ வச்சான், உங்க மகன்தான் கதவைப் பூட்டிக்கிட்டான்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. முகம்மது வீட்டுக்கும் அதையே சொல்லியிருக்காங்க. ரெண்டு வீடும் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. இப்ப ஹைருல் வீட்டுக்கு யாரும் துக்கம் கேக்க வரல. தெருவுல தண்ணி எடுக்கப் போனாலும் அந்த அம்மாகிட்ட யாரும் பேசல. அடுத்தவ புள்ளையக் கொன்னவனோட அம்மான்னு சொல்றாங்க."

யமுனா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்லில் இருந்த தோசை கருகத் தொடங்கியது.

"நானும் அந்தக் கம்பியைப் பிடிச்சு ஆட்டினேன் அக்கா. பூட்டு வெளியதான் இருந்துச்சு. ஹைருல்தான் என்னைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னான். முகம்மது பயந்து அவன் சட்டையை விடல. அதனால ஹைருல் வரல." சாஹித் கட்டையை மாற்றி ஊன்றினான். "அண்ணன் ஏன் அப்படிச் சொன்னாரு?"

"நீ ஏன்டா சொல்லல?"

"பாஸ்போர்ட் டத்தோகிட்ட இருக்கு. அடுத்த வாரம் ஃப்ளைட்."

கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்பை அணைத்தாள். மத்தியானம்வரை விற்க வேண்டிய மாவு அப்படியே இருந்தது. அன்று அவள் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டில் தியாகராஜன் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. அவள் சாஹித் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன பண்ணணுங்கற?"

"போய் சொல்லுங்க."

"உள்ள போட்டுருவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்ற."

"நீங்க மட்டும் பண்ணினதா இது? போன் போட்டது நானு. கெளம்பினவர ஒக்கார வச்சது நானு. பூட்டறாங்கன்னு தெரிஞ்சும் ஒளுந்து ஆட்டப் போனதும் நானுதான். எனக்கும் அதுல பங்கு இருக்குங்க. அந்தப் பையன் எங்கையால சாப்புட்டவன். அவன் மேலயே பழி போட்டுட்டு நான் எப்படி நாளைக்கு அந்த எடத்துல கட போடுவேன்?"

"டத்தோ சும்மா இருப்பாரா? நம்மள மண்ணோட மண்ணாக்கிடுவாரு."

"ஆக்கட்டும்."

சாயங்காலம் கோகிலா ஃபெர்ரி பிடித்து வந்து சேர்ந்தாள். செய்தியைக் கேட்டதும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, ஒங்களுக்கு என்னா பைத்தியமா? அவங்க செத்துட்டாங்க. அப்பா உயிரோட இருக்காரு."

"அதனாலதான்டி. செத்தவனால வந்து இல்லன்னு சொல்ல முடியாதே."

"யாரோ ஊரு பேரு தெரியாத பொம்பளைக்காக எங்கப்பாவ ஜெயிலுக்கு அனுப்புவீங்களா? எனக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க, அது ஞாபகம் இருக்கா? நான் அந்த ஆபீசுல நாளைக்கு எப்படிலா போய் ஒக்காருவேன்?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு கோகிலா."

"ஒங்களுக்கு மனசாட்சி சுத்தமா இருக்கணும். அதுக்கு நாங்க ரெண்டு பேரும் வெல குடுக்கணும். அப்படித்தான்?"

மகள் சொன்னதில் பாதி உண்மை என்று யமுனாவுக்கே தெரிந்தது. அரிசியைக் களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

"நீங்க போகலன்னா நான் போறேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "நான் கூப்ட்டேன், எம் புருசன் எங்கூடதான் இருந்தாருன்னு சொல்லுவேன். நான் பாத்ததத்தான சொல்லப் போறேன்?"

காலையில் அவள் எழுந்து வந்தபோது தியாகராஜன் இடது கையால் சவரம் செய்து, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொத்தானை மட்டும் அவளிடம் காட்டினார். அவள் போட்டுவிட்டாள்.

"பொண்டாட்டி காட்டிக் குடுத்து உள்ள போனான்னு எம் பேரு ஆக வேணாம்" என்றார். "நானே சொல்றேன்."

கோகிலாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டிப் பார்த்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

இலாகா ஆபீசில் இருந்த ஷரீஃபா நடுத்தர வயதுக்காரி. மேசையில் பாதி தின்ற ரொட்டி இருந்தது. தியாகராஜன் மலாயில் தடுமாறித் தடுமாறிச் சொல்லத் தொடங்கியதும் அவள் ரொட்டியை ஓரமாக ஒதுக்கினாள். கொஞ்ச தூரம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பெரியவரே, நீங்கள் இப்போது சொல்வது முதலில் உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். வேறு யார்மேல் திரும்புமோ எனக்குத் தெரியாது. வக்கீல் வைத்துக்கொண்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்."

"இன்னிக்கு வீட்டுக்குப் போனா நாளைக்கு வர மாட்டேன்" என்றார் தியாகராஜன்.

அவள் யமுனாவைப் பார்த்தாள். யமுனா தலையசைத்தாள். ஷரீஃபா புதிய தாள் எடுத்தாள்.

*

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தியாகராஜன் பயந்தபடியேதான் நடந்தது. சாஹித்தின் பயணத்தைச் சாட்சி என்று சொல்லி நிறுத்தினார்கள். அது ஒன்றுதான் நல்லது. தியாகராஜன் மேல் வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். உள்ளே போனார். நாராயணன் பூட்டவே சொன்னதில்லை என்றார். ஜாகா தன் சோம்பேறித்தனத்துக்காகப் பூட்டிவிட்டு மனைவியின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான் என்றார். அவர் கம்பெனி மேல் போட்ட வழக்கு தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் அவர் போட்ட தண்ணீர்ப் பந்தலில் ஆள் உயரத்துக்கு அவர் படம் வைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்திய அதே ஆட்கள்தான் மோர் ஊற்றினார்கள்.

கோகிலாவை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. மேசையை மட்டும் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அவளாகவே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்றார்கள். பிறகு அவர்கள் பேசவில்லை. அவள் செபராங் ஜெயாவில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். அம்மாவின் அழைப்பை எடுப்பதில்லை. யமுனாவின் வண்டி வழியை அடைக்கிறது என்று யாரோ புகார் கொடுக்க, லாரி வந்து தூக்கிப்போனது. இப்போது சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறாள். தெரிந்தவர்கள் சாப்பிட வந்தால் கையைக் கழுவிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறார்கள்.

சிறைக்குப் பார்க்கப் போனபோது தியாகராஜன் மெலிந்திருந்தார். நடுவில் கண்ணாடி. ஆளுக்கொரு போன். ரிசீவரை அவர் இடது கையால்தான் பிடித்தார். வலது உள்ளங்கை சுருங்கிப் போய் விரல்கள் முழுதாக விரிவதில்லை.

"கோகிலா?"

"வரல."

"விடு. அவ மேல தப்பு இல்ல." பிறகு, "சாப்பாடு பரவால்ல. மீனுதான் நாறுது" என்றார். யமுனா சிரிக்க முயன்றாள்.

"ஹைருலோட அம்மா போன் பண்ணினாங்க" என்றாள். "சாஹித் போட்டுக் குடுத்தான். பாஷ புரியல. அவங்க அழுதாங்க. நானும் அழுதேன். அப்பறம் அவன்தான் மலாய்ல சொன்னான்."

"என்னாவாம்?"

அவள் வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள், கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமா என்று. இப்போது அவர் முகத்தைப் பார்த்ததும் மாற்றத் தோன்றவில்லை.

"ஒங்கள மன்னிக்க முடியாதாம். எப்பவும் முடியாதாம். அத சொல்லிடச் சொன்னாங்க."

தியாகராஜன் தலையாட்டினார். அதை அவர் எதிர்பார்த்திருந்த மாதிரிதான் இருந்தது.

"ஆளுங்க வர்றாங்களா? அவங்க வீட்டுக்கு?"

"வர்றாங்களாம். முகம்மதோட அம்மா வந்தாங்களாம். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலயாம். பொழுது சாயறவரைக்கும் ஒரே பாயில ஒக்காந்திருந்துட்டுப் போனாங்களாம்."

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்தது என்று வார்டன் பின்னாலிருந்து கூப்பிட்டார். தியாகராஜன் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் அவர், எதிர்ப்பக்கத்தில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது போல, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.